சாயவேரில் சிவந்த மரம்

ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் குடும்பங்களின் பிள்ளைகள் மாலை வேளையில் எங்கள் மதரஸாவில் ஓதுகின்றனர். அவர்களுள் ஒரு சிறுவன் குறிப்பேட்டின் ஓரமெங்கும் மரங்களை வரைந்து வைப்பான். "ஹஜ்ரத், இது ஹராம்தானே? அடித்துத் திருத்துங்கள்" என்று அவன் தாயார் கலங்கினார். ஓவியத்தால் பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அதனை அவருக்கு எடுத்துரைத்தேன்.

நம் சோழமண்டலக் கரையில் மரம் வரைவதே ஒரு பெருங்கல்வியாக இருந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து கப்பலேறிய 'பலம்போர்' விரிப்புகள் பலவற்றின் நடுவே பூத்துக் குலுங்கும் ஒரு மரம் நிற்கும். கலம்காரி என்னும் பெயரிலுள்ள 'கலம்', திருக்குர்ஆனின் 68-ஆவது அத்தியாயத்திற்குப் பெயரான அதே எழுதுகோல்தான்.

துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைத்து உலர்த்துவர். இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடுகளை இழுப்பர். சிவக்க வேண்டிய பூக்களில் படிகார நீரைத் தீட்டுவர். அப்போது சிவப்பு ஏதும் தோன்றாது. பின்னர்த் துணி முழுவதையும் சாயவேரிட்டுக் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் சிவப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். ஏனைய இடத்துச் சாயம் அலச அலச, வெயிலில் காயக் காய வெளுத்துவிடும். அடுத்து, நீலம் பிடிக்கலாகாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். இலைகளின் நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை பிறக்கும். 1742-இல் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இம்முறையை விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

அந்த மஞ்சள் ஒளிபட்டு மங்கியமையால், அருங்காட்சியகங்களிலுள்ள பழைய விரிப்புகள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகவே காட்சி தருகின்றன. மேலே தீட்டியது போயிற்று; படிகாரம் பிடித்த சிவப்போ நிலைத்து நிற்கிறது. மகிழுந்தின் உடலுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சேற்றிச் சூளையில் உலர்த்துவதை இவ்வட்டாரத்துத் தந்தையர் அறிவர். அது மேலே படிவது. இது நூலுக்குள் இறங்குவது.

பிள்ளை வளர்ப்பும் இத்தகையதே. அடிக்கு அஞ்சி மனனம் செய்த பாடம் மேற்பூச்சு. இல்லத்தில் அன்போடு ஊட்டப்படும் ஒழுக்கமே படிகாரம். ஊட்டும்போது அதன் நிறம் நம் கண்ணுக்குத் தெரியாது. பின்னாளில் கல்வியென்னும் சாயம் அந்த இடத்தில்தான் பற்றும்.

தாய்மார்களே, பிள்ளையின் கையிலுள்ள எழுதுகோலைப் பிடுங்காதீர்கள். எதை வரையலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைப் பரிவோடு சொல்லிக் கொடுங்கள். பலன் தருபவன் அல்லாஹ்வே.