சிறைவாசலுக்கு அப்பால்

தமிழில் ‘சிறை’ என்னும் சொல்லுக்குக் காவல் என்றும் பொருள் உண்டு. பறவையின் சிறகு என்றும் பொருள் உண்டு. அரபியில் ‘ஸிஜ்ன்’ என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர் உள்ளத்தில் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு எழும். விடுதலையாகிச் சென்ற சிறைத் தோழர் தம் எசமானரிடம் யூசுப் நபியைப் பற்றி எடுத்துரைக்க மறந்தார். அதனால் அவர்கள் மேலும் சில ஆண்டுகள் உள்ளேயே இருக்க நேர்ந்தது. வெளியே சென்றவர் உள்ளே இருந்தவரை மறந்தது அன்றைய கதை. வெளியே வருபவரை வெளியில் இருக்கும் நாமே மறந்துவிடுவது இன்றைய கதை.

எச்.ஐ.வி. கிருமியைப் பற்றியும் சிறையிலிருந்து மீள்வோரைப் பற்றியும் குடும்ப ஏடு ஒன்றில் எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். மீள்பவர் குடும்பத்திற்குத்தானே திரும்பி வருகிறார்? ஆகவே குடும்பத்தார் படிக்கும் ஏட்டில்தான் இதை எழுத வேண்டும். உயிரைக் காத்தலும் சந்ததியைக் காத்தலும் ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் அடங்கும் என்பதை மதரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே நாம் ஓதியிருக்கிறோம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வரலாறே ஒரு காவல் இல்லத்தோடு இணைந்தது. 1986ஆம் ஆண்டு, டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், மாணவி நிர்மலா சென்னையில் அரசு காப்பில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றுள் சிலவற்றில் கிருமி இருப்பது வேலூரில் நடந்த சோதனையில் தெரிந்தது. பின்னர் நடந்ததுதான் வருந்தத்தக்கது. காவல் காலம் முடிந்த பின்னும், கிருமி உண்டு என்ற ஒரே காரணத்தால் பெண்கள் விடுவிக்கப்படாமல் அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் நீதிமன்றத்தை நாடினார்; 1990ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அவர்களுக்கு விடுதலை கிட்டியது.

அன்று அச்சத்தால் கதவு திறக்கப்படவில்லை. இன்று கதவு திறக்கிறது. ஆனால் திறந்த கதவுக்கு அப்பால் யாரும் நிற்பதில்லை.

நாட்டின் வயது வந்தோரில் ஆயிரத்தில் இருவர் என்ற அளவில் இக்கிருமி உள்ளது. சிறைவாசிகளிடையே அதைவிடப் பன்மடங்கு. ஊசியைப் பகிர்தல், பச்சை குத்துதல், பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியன காரணங்கள். மார்க்கம் தடுத்தவற்றை இங்கே நாம் ஆகுமாக்கவில்லை. தவறிழைத்தவன் நோயால் மடியட்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை என்பதையே நினைவூட்டுகிறோம். அவனுடைய மனைவி இழைத்த தவறுதான் யாது?

அமெரிக்காவில் ‘புராஜெக்ட் ஸ்டார்ட்’ என்றொரு திட்டம் வகுக்கப்பட்டது. விடுதலையை நெருங்கிய இளைஞர்களைச் சிறைக்குள் இருமுறையும், வெளியே வந்தபின் 1, 3, 6, 12ஆம் வாரங்களில் நான்கு முறையும் ஒரே ஆலோசகர் சந்திப்பார். தொற்றைத் தவிர்ப்பதை மட்டும் அவர் பேசுவதில்லை. தங்க இடம், வேலை, மருத்துவம் ஆகியவற்றையும் பேசுவார். ஒரே ஒரு முறை அறிவுரை கேட்டவர்களைவிட இவ்வாறு தொடர்ந்து சந்திக்கப்பட்டோரிடம் பாதுகாப்பற்ற நடத்தை குறைந்திருந்தது என ஆய்வு காட்டிற்று.

நல்ல சட்டைதான், நம் உடலுக்கு அப்படியே பொருந்துமா? அத்திட்டத்துக்கு விடுதலை நாள் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டிலோ, 2022ஆம் ஆண்டு இறுதிக் கணக்குப்படி சிறைகளில் இருந்தோரில் 100க்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் என்று வரும் என்பது அவர்களுக்கும் தெரியாது, சிறை அலுவலர்க்கும் தெரியாது. ஆகவே இங்கே உள்ளே நுழைந்த முதல் நாளையே விடுதலைக்கு முந்திய நாளாகக் கருதிப் பணியைத் தொடங்க வேண்டும். மருந்து உண்பவர் கையில் சில வாரத்து மாத்திரையும், வெளியில் எந்த மையத்துக்குச் செல்வது என்ற சீட்டும் எப்போதும் ஆயத்தமாய் இருக்க வேண்டும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை, உரியவரின் இசைவுடன், அடையாளங்களை நீக்கிச் சொல்கிறோம். திண்டுக்கல்லைச் சுற்றிய சமவெளிச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், ஏழு மாசம் கழிச்சு எம்மவன் வந்திருக்கான். ஒரு கால்கட்டுப் போட்டுட்டா அடங்கிருவான். நிக்காஹுக்கு ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்க” என்றார். அன்று இஷா தொழுகைக்குப் பின் அம்மகன் தனியே வந்து அமர்ந்தார். உள்ளே இருந்தபோது இரத்தம் சோதித்ததையும், நாள்தோறும் மாத்திரை உண்டதையும் சொன்னார். மாலையில் ஜாமீன் ஆணை வந்தது, துணிமூட்டையோடு பேருந்தேறினார், மருந்துக் குப்பி உள்ளேயே நின்றுவிட்டது. பதினோரு நாட்களாக மருந்தில்லை. அரசு மருத்துவமனையில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவரோ என்ற அச்சம் வேறு.

மறுநாட்காலை இருவருமாகச் சென்றோம். நம் மாநிலத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். பெயரிட்டவர் வாழ்க. அங்கிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினர். மருந்து நின்றால் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும் என்றும், ஒழுங்காக உண்டு இரத்தத்தில் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால் உடலுறவின் வழி மனைவிக்குப் பரவாது என்றும் ஆலோசகர் விளக்கினார். 2004ஆம் ஆண்டு முதல் இம்மருந்தை அரசு இலவசமாக வழங்கி வருகிறது என்பதை நம்மவர் பலர் அறியார்.

திரும்பும் வழியில் அவர் கேட்டார்: “அப்ப நிக்காஹ், ஹஜ்ரத்?” “மறைத்துச் செய்வதாயின் நாம் ஓத மாட்டோம், தம்பி. அறிந்து இசையும் பெண்ணாயின் மகிழ்ச்சியோடு ஓதுவோம்” என்றோம். தாயாரிடம், “ஓராண்டு வேலை பார்க்கட்டும் அம்மா, பிறகு பேசுவோம்” என்று மட்டும் சொன்னோம். இரகசியம் அவருடையது, உடைக்கும் உரிமை நமக்கில்லை. நான்கு மாதங்கள் கழித்து அவரே தாயிடம் சொன்னார். அன்றிரவு முழுதும் தாய் பேசவில்லையாம். விடிந்ததும் கேட்டாராம்: “மாத்திரையைச் சோத்துக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?” திருமணம் இன்னும் ஆகவில்லை. மருந்து நிற்கவில்லை.

அமெரிக்கத் திட்டத்தின் வெளிப்பாதி, அந்த நான்கு சந்திப்புகள், நம் மண்ணில் மஹல்லாவின் கையில் இருக்கிறது என்பதே நாம் சொல்ல விழைவது. ஆலோசகர் செய்ய வேண்டியதை ஜமாஅத் செய்துவிட முடியாது. ஆனால் ஆலோசகரிடம் செல்லும் வழியைத் திறந்து வைக்க முடியும். வந்தவரை முதல் வாரத்திலேயே ஒருவர் சென்று காணட்டும். பேகம்பூர்த் தோல் ஆலையிலோ பூட்டுப் பட்டறையிலோ ஒரு வேலைக்குச் சொல்லி வைக்கட்டும். ‘கால்கட்டு’ என்று அவசர நிக்காஹ் பேசுவதை நிறுத்தட்டும்; எந்தப் பெண்ணும் ஒருவனைத் திருத்தும் கருவியாகப் பிறக்கவில்லை. மணமகன், மணமகள் இருவரும் தாமே விரும்பி நம்பிக்கை மையம் சென்று வரும் வழக்கத்தைப் பெரியோர் ஊக்குவிக்கட்டும். சான்றிதழ் கேட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் படிப்பது கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இசைவின்றிச் சோதிப்பதையும் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சிறைக் காவலில் உள்ளவர்க்கும் பரிசோதனையும் சிகிச்சையும் உரிமை என்கிறது. பிறர் குறையை மூடி வைக்கும் ‘ஸத்ர்’ என்னும் பண்பை நம் மார்க்கம் அதற்கு முன்பே கற்பித்திருக்கிறது.

நம் தெருவுக்கு நாளை ஒருவர் திரும்பி வரக்கூடும். “என்ன வழக்கு?” என்று கேட்க ஊரில் ஆயிரம் பேர் இருப்பர். “சாப்பிட்டீர்களா? மருந்து ஏதும் உண்கிறீர்களா?” என்று தனியே கேட்க ஒருவர் வேண்டும். அவ்வொருவராக இருக்கும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.