பரண் காலியானது

விடுமுறை என்றதும் மாணவியர் உள்ளம் துள்ளுவது இயல்பே. சிலர் வெளியூர் செல்வர். சிலர் உறங்கியே பொழுதைக் கழிப்பர். வாழவந்தியில் வாழும் எங்களுக்கோ பொங்கல் விடுமுறை என்றால் வேலை என்று பொருள்! சேர்வராயன் மலையில் அதுதான் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பொழுது விடிந்ததும் அப்பாவும் அம்மாவும் தோட்டத்திற்குச் சென்றுவிடுவர். ஆகவே, போகிக்கு முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் பொறுப்பு அக்காள் தங்கையர் மூவராகிய எங்கள் தலையில் விழும். (எழுதும் கை ஒன்றே என்றாலும் சொல்வது மூவரும். ஆதலால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.)

பரண்மீது ஏறிப் பார்த்தபோது மலைத்துப் போனோம். மூன்று ஆண்டுக் கேள்வித்தாள்கள், மூடியில்லாத பேனாக்கள், காது அறுந்த கூடை, ஒற்றைச் செருப்பு, எந்தப் பூட்டுக்கும் சேராத ஏழு சாவிகள்! "எதற்காவது உதவும்" என்று சொல்லிச் சொல்லியே ஏற்றி வைத்தவை. ஆசிரியை 'மிக நன்று' என்று எழுதிய நோட்டுப் புத்தகத்தை மட்டும் கடைக்குட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதைப் பிடுங்க எங்களுக்கு மனம் வரவில்லை. மீதித் தாள்களைப் பழைய பேப்பர்க்காரருக்கென்று கட்டி வைத்தோம்.

கொளுத்திவிட்டால் எளிதில் முடிந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். ஆனால் 2018 ஜனவரியில் போகியன்று சென்னையில் எழுந்த புகை பனிமூட்டத்தோடு கலந்து விமானங்களையே தாமதப்படுத்தியது. பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் அவை ஒழிந்துவிடுகின்றனவா என்ன? கண்ணுக்குத் தெரியாமல் நம் மூச்சுக்குள் அல்லவா குடிபுகுகின்றன!

அப்பா தோட்டத்தில் மேஸ்திரி. பழம் பறித்து முடிந்தபின் காப்பிச் செடிகளுக்குக் கவாத்து செய்வதை மேற்பார்வை பார்ப்பார். காய்த்து ஓய்ந்த கிளை, பட்டுப்போன கிளை, நடுவில் நெருக்கி வளர்ந்த கொம்பு ஆகியவற்றை வெட்டி எடுப்பார்கள். பார்ப்பதற்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே வெளிச்சமும் காற்றும் புகுந்தால்தான் புதுக்கிளை வரும். அரபிக்காக் காப்பி புதிதாக வளர்ந்த கிளையில்தான் நன்றாகக் காய்க்கும். "எதை வெட்டுவது என்று தெரிந்தவன் கையில்தான் கத்தியைக் கொடுப்பேன்" என்பார் அப்பா.

எங்களுக்கு அது தெரியாமல் போன இடம் ஒன்று வந்தது. பரணின் கடைசி மூலையில், சாக்கில் சுற்றப்பட்டு, அம்மாயியின் வெண்கலப் பானை இருந்தது. அம்மாயி இறந்தபின் அம்மாவுக்கும் சேலத்திலிருக்கும் சின்னம்மாவுக்கும் இந்தப் பானையால்தான் மனத்தாங்கல் உண்டாயிற்று. "எனக்கென்றுதான் சொன்னார்" என்று இருவருமே கூறினர். பானை எங்கள் வீட்டிற்கு வந்தது, பேச்சு நின்றது. நான்கு ஆண்டுகளாயிற்று. இதில் வியப்பு என்னவென்றால், அத்தனை போராடிப் பெற்ற பானையில் எங்கள் வீட்டில் ஒருமுறைகூடப் பொங்கல் வைத்ததில்லை!

மாலையில் அம்மா திரும்பியதும், "இதை என்னம்மா செய்வது?" என்று கேட்டோம். அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதைப் பார்த்தாலே அவள் அன்றைக்குப் பேசினதெல்லாம் காதில் கேட்கிறது. அதனால்தான் மேலே போட்டேன்" என்றார்கள். பானை பரணில் இருந்தது; அந்தப் பேச்சோ அம்மாவிடமே இருந்தது.

அன்றிரவு பாடம் படிக்கையில் காந்தியடிகள் மதுரையில் உடை மாற்றிய வரலாறு வந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று, கதர் வாங்க வழியில்லாத ஏழைகளை எண்ணித் தொப்பியையும் மேற்சட்டையையும் துறந்து அரையாடை பூண்டார். எங்களைக் கவர்ந்தது வேறொன்று. அக்டோபர் 31 வரையிலாவது அப்படி இருப்பதாகத்தான் முதலில் அவர் அறிவித்தாராம்! பிறகு 1948-இல் மறையும் வரை அவர் அந்தச் சட்டையைத் திரும்பப் போடவில்லை. இதை உரக்கப் படித்தோம். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அம்மா அப்பாவிடம், "பொங்கல் முடியும் வரைக்கும் அது அங்கே இருக்கட்டும்" என்றார்கள். வேறு விளக்கம் இல்லை. அப்பா பானையைச் சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் சென்று கொடுத்துவிட்டு வந்தார். சின்னம்மா வாங்கி வைத்தாராம், ஒன்றும் பேசவில்லையாம். எங்களுக்குச் சிறிது ஏமாற்றமே. திரைப்படமாக இருந்தால் இந்நேரம் இருவரும் கட்டித் தழுவியிருப்பர்!

போகி மாலையில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டினோம். மறுநாள் வழக்கமான அலுமினியப் பானையிலேயே பொங்கல் பொங்கியது.

மாட்டுப் பொங்கலன்று சித்தப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பானையைப் புளியிட்டுத் துலக்கி அதில்தான் பொங்கல் வைத்தார்களாம். பக்கத்து வீட்டாரெல்லாம் வந்து பார்த்தார்களாம். அம்மா கேட்டுக்கொண்டே நின்றார்கள். பானை எப்போது திரும்பி வரும் என்று கேட்கவில்லை. "அந்தப் பானை சீக்கிரம் அடிபிடிக்கும். அடுத்த முறை தீயைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள் அவளை" என்றார்கள்.

நான்கு ஆண்டுகளில் அம்மா தம் தங்கைக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை அதுதான்.