விழி காட்டும் உடல்

உலகைக் காண்பதற்குரிய உறுப்பு கண் என்பது யாவரும் அறிந்தது. உடலைக் காண்பதற்கும் அதுவே வாயிலாகும் என்பது பலரும் எண்ணிப் பாராதது. விழியை நோக்கி நோயைக் கணிக்கும் வழக்கம் தமிழ் மருத்துவத்திற்குப் புதிதன்று. சித்த மருத்துவம் கூறும் எண்வகைத் தேர்வுகளுள் நாடி, நா, நிறம் முதலியவற்றோடு விழியும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. வெண்விழி மஞ்சளித்தால் காமாலையோ என்றும், கீழிமையின் உட்புறம் வெளுத்தால் குருதிச்சோகையோ என்றும் இன்றும் மருத்துவர்கள் ஐயுறுகின்றனர்.

இவை புறத்தே தெரியும் அடையாளங்கள். விழியின் உட்புறமோ நெடுங்காலம் இருளாகவே இருந்தது. கண்பாவைக்குள் நுழையும் ஒளி, வந்த வழியே திரும்புகிறது. அதைக் காண முயல்பவர் குறுக்கே வந்தால், அவர் தலையே விளக்கொளியை மறைத்துவிடும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்தடையை நீக்கினார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியை விழிக்குள் செலுத்தி, அத்தகட்டின் ஊடாகவே உள்ளே நோக்கினார். இக்கருவியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1851ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று முதல் விழித்திரை மருத்துவரின் பார்வைக்குத் திறந்தது.

உடலின் உள்ளே ஓடும் நுண்ணிய குருதி நாளங்களைத் தோலைக் கீறாமல் இத்துணைத் தெளிவாகக் காண்பதற்கு விழித்திரையைப் போன்ற இடம் வேறில்லை. நீரிழிவு நோய் இந்நாளங்களின் சுவர்களை நலியச் செய்கிறது. நலிந்த இடங்கள் புடைத்துச் சிறு செம்புள்ளிகளாகத் தெரிகின்றன. சில இடங்களில் குருதி கசிகிறது. உயர் குருதி அழுத்தத்தால் தமனிகள் ஒடுங்கி, தம்மைக் கடக்கும் சிரைகளை அழுத்துகின்றன. மண்டையோட்டின் உள்ளே அழுத்தம் மிகுந்தால் பார்வை நரம்பின் முகப்பு வீங்குகிறது. மூளைக்கட்டி போன்ற கொடிய நோய் இவ்வீக்கத்தால் வெளிப்படுவதுண்டு. உடலில் செம்பு தேங்கிக் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் வில்சன் நோய், கருவிழியின் விளிம்பில் பழுப்பு வளையமாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இந்நோய்கள் பலவும் தொடக்கத்தில் வலி தருவதில்லை, பார்வையையும் குறைப்பதில்லை. நாற்பதைக் கடந்த ஒருவருக்கு வெள்ளெழுத்து வருகிறது என்று கொள்வோம். கடையில் ஆயத்தமாக விற்கும் கண்ணாடியை வாங்கி அணிந்தால் நாளிதழின் எழுத்துத் தெளிவாகிவிடும். அவரும் மனநிறைவு கொள்வார். அவரே மருத்துவரிடம் சென்றிருந்தால், சொட்டு மருந்தால் பாவையை விரியச் செய்து விழித்திரையை நோக்கும் மருத்துவர், அங்குச் செம்புள்ளிகளைக் கண்டு குருதிச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லக்கூடும். நெடுநாள் மறைந்திருந்த நீரிழிவு அப்போதுதான் தெரியவரும். பள்ளியில் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்யும் சோதனையும் பார்வைக் கூர்மையை மட்டுமே அளக்கும். விழியின் உள்ளே நிகழ்வதை அது காட்டாது.

கண் எழுப்புவது ஐயமே. அதனை உறுதி செய்யக் குருதிச் சோதனை, குருதி அழுத்த அளவீடு, தேவையெனில் மூளைப் படம் ஆகியன வேண்டும். விழித்திரை நலமாக இருப்பதாலேயே உடலில் நோயில்லை என்று துணிவதும் தவறு.

நீரிழிவு உடையவர்கள் பார்வை தெளிவாக இருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. இன்று ஊர்ப்புறத்துக் கண் நல மையத்தில் எடுக்கப்படும் விழித்திரைப் படத்தை நகரத்து மருத்துவர் கணினியில் பார்த்துக் கருத்துரைக்கிறார். மதுரையில் 1976ஆம் ஆண்டு மருத்துவர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இத்தகைய மையங்களை நடத்திவருகிறது.

வாய்ப்புகள் இருந்தும், "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது?" என்னும் சொல் பலரைத் தடுக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பதை அறிந்தவர்களும் நாளைக் கடத்துகின்றனர். வேறொரு தடையும் உண்டு. சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் அண்மையிலுள்ள பொருள்கள் மங்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டுதல் தகாது. தனித்துச் செல்லும் முதியவர் இதற்காகவே தயங்குவார். பாட்டனுக்கோ பெற்றோருக்கோ துணையாக ஒரு விடுமுறை நாளின் முற்பகலைச் செலவிட மேல்நிலை வகுப்பு மாணவரால் இயலும். அன்று ஒரு நோய் தொடக்கத்திலேயே தெரியவந்தால், அம்முதியவருக்குப் பல்லாண்டுப் பார்வையும் நலமும் எஞ்சும்.