பறை காயும் நேரம்

வைக்கோலுக்குத் தீ வைத்ததும் முதலில் புகைதான் வந்தது. இரவுப் பனி இறங்கிய வைக்கோல். பெரியவர் குனிந்து வாயால் ஊத, ஒரு பக்கமாகப் பற்றிக்கொண்டது. பறையின் முகத்தைத் தீயை நோக்கிச் சாய்த்து, அப்பளம் வாட்டுகிற பதத்தில் மெல்லச் சுற்றினார். விரலால் ஒரு சுண்டு. ‘தொப்’ என்றது. மறுபடியும் தீ, மறுபடியும் சுண்டு. ‘தொம்.’ மூன்றாம் முறை சுண்டியபோது ‘டண்’ என்று எழுந்த சத்தத்தில், சுவரோரம் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

“இப்பத்தான் தொண்டை தொறந்திருக்கு தம்பி” என்றார் பெரியவர்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் இறங்கி, கண்மாய்க்கரை மேல் ஒன்றரை மைல் நடந்தால் வருகிற சிற்றூர் அது. மூன்று தலைமுறையாகப் பறை கட்டுகிற குடும்பம். ஊர்க்காரர்கள் பறையைத் ‘தப்பு’ என்றும் சொல்வார்கள். நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு பழம்பாட்டு.

புறநானூற்றின் 279ஆம் பாட்டு பல வருடங்களாக என்னை விட்டு விலகவில்லை. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முன்னொரு போரில் வீட்டு மூத்தவனை யானையோடு பொருத களத்தில் பறிகொடுத்த ஒருத்தி. நேற்று நடந்த ஆநிரைச் சண்டையில் கணவனும் போய்விட்டான். இன்று மறுபடியும் போர்ப்பறை கேட்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே மகன், சிறுவன். அவன் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, காய்ந்து கிடக்கும் குடுமிக்கு எண்ணெய் தடவிக் களத்துக்கு அனுப்புகிறாள். பறை கேட்டு அவளுக்கு விருப்பமும் வந்தது, மயக்கமும் வந்தது என்கிறார் புலவர். அந்த மயக்கம் என்ற சொல்லில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். இரண்டு சாவு விழுந்த வீட்டுக்குள் நுழைந்து, மூன்றாவது ஆளையும் எழுப்பிக் கூட்டிப்போன அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்? அதை யார் செய்தார்கள்? யார் அடித்தார்கள்?

பெரியவரிடம் பாட்டின் கதையைச் சொன்னேன். கையில் இருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சின்னப் பயலாவுல்ல அனுப்பியிருக்கா” என்றார்.

அவருடைய பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமர நிழல். அங்கே வேம்பே வேலைக்கான மரமும். வளைவாக அறுத்த மூன்று வேப்பந்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வட்டச் சட்டம் ஆக்குகிறார். பொருத்துகளின் மேல் இரும்புப் பட்டை. ஒரே மரத்தில் குடைந்தால் என்ன என்று கேட்டேன். “குடையலாம். வெயிலுக்கும் நெருப்புக்கும் வெடிச்சுரும். மூணு துண்டா இருந்தா ஒண்ணையொண்ணு தாங்கிக்கிரும்.”

அடுத்தது தோல். திண்டுக்கல் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பேர்போன ஊர். அதனால் அவருக்குத் தோலுக்குப் பஞ்சம் இருக்காது என்று நினைத்துப் போயிருந்தேன். பதனிட்ட தோல் பறைக்கு ஆகவே ஆகாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும். செருப்புக்கும் பைக்கும் அது சரி. பறைக்கு வேண்டியது விறைப்பு. “பச்சைத் தோலுதான் வேணும் தம்பி. பச்சையா இருந்து, காய்ஞ்சு, இறுகணும்.”

‘பச்சை’ என்று அவர் சொன்னதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. தோலைக் குறிக்கச் சங்கப் புலவர்கள் ஆண்ட சொல் அதுவே. புறநானூற்றின் 288ஆம் பாட்டில் ஒரு முரசு வருகிறது. இரண்டு காளைகளை மோதவிட்டு, வென்ற காளையின் பச்சையை மயிர் சீவாமல் போர்த்திய முரசு. தோற்ற மாட்டின் தோலுக்கு முரசாகும் தகுதி இல்லை என்பது அக்கால நம்பிக்கை. பெரியவரிடம் கேட்டேன்: “மயிரைச் சீவாம விட்டா என்ன ஆகும்?”

அவர் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். “கனம் கூடிரும். சில்லுனு கேக்காது. கும்முனு அடிவயித்துல இருந்து வரும். பெரிய முரசுக்கு அது நல்லதுதான். நம்ம தப்புக்கு ஆகாது, இதுக்குப் பேசணும்ல?” சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரைக் களைந்த ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நரம்போடிய இடம், மெலிந்த இடம், தழும்பு பட்ட இடம் எல்லாம் விரல் நுனிக்குத் தெரிகிறது அவருக்கு. அடி விழுகிற நடுப்பகுதிக்கு எது வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்கிறார். சட்டத்தின் விளிம்பில் புளியங்கொட்டைப் பசையைத் தடவுகிறார். கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை. ஈரத் தோலை அதன் மேல் போர்த்தி, பின்பக்கம் வார் பிடித்து இழுக்கிறார். அவர் இழுக்க, எதிர்ப்பக்கம் மருமகள் பிடித்துக்கொள்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் மூச்சை மற்றவர் பார்த்துத்தான் அந்த இழுப்பு நடக்கிறது.

இழுப்பு ஓய்ந்த பிறகு, வந்த காரணத்தைக் கேட்டேன். “போருக்கு ஆளைக் கூட்டுற அடின்னு ஏதாவது உண்டாய்யா?”

“அப்படி ஒண்ணு எங்கப்பா சொல்லிக்குடுக்கல” என்றார். அவர் கற்றவை வேறு. சாவுக்கு ஓர் அடி, சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஓர் அடி, சாமி இறங்க மருள் அடி. ஒற்றையடியில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டுகிற பாடம். இடக்கையில் நீளமாய், மெலிதாய் ஒரு மூங்கில் குச்சி. வலக்கையில் குட்டையாய், தடியாய்ப் பூவரசம் குச்சி. மெலிந்த குச்சி தோலோடு ஒட்டிப் படபடக்கும். தடித்த குச்சி வாக்கியத்துக்கு நிறுத்தம் போடும். “நீங்க பேனாவுல எழுதுறதை நாங்க இதுல எழுதுறோம்.”

நம்பிக்கை வராதவன்போல் என் முகம் இருந்திருக்க வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டார். பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண். காய்ந்து நின்ற பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு அந்தப்பக்கம் போனாள். எங்கள் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடி கேட்டது. அறுபது வயதைத் தாண்டிய இன்னொரு பெரியவர் திண்ணையில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “சாமிச்சாட்டு.” நடை மாறியது. “மாப்பிள்ளை அழைப்பு.” மறுபடி மாறியது. அவர் இந்த முறை எதுவும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாவு அடி.

எனக்கு மூன்றும் ஒரே ஆரவாரமாகத்தான் கேட்டிருந்தன. அந்த ஊருக்கு அவை மூன்று தெளிவான வாக்கியங்கள். ‘பறைதல்’ என்றால் சொல்லுதல் என்று அகராதியில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதைக் காதால் கேட்டது அந்தக் கரையோரத்தில்தான்.

போர்க்களத்தில் மேளத்துக்கு இருந்த வேலையும் இதுதான். தூசியிலும் கூச்சலிலும் தலைவனின் குரல் பத்து முழம் தாண்டாது. ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் ஒரே செய்தி போக வேண்டும்; ஒருவரும் தவறாகக் கேட்டுவிடக் கூடாது. ஐரோப்பியப் படைகள் கூடுவதற்கும் முன்னேறுவதற்கும் பின்வாங்குவதற்கும் தனித்தனி அடிகளை வைத்திருந்தன. சமாதானம் பேச அழைப்பதற்கும் ஓர் அடி இருந்தது. டெல்லி விஜய் சவுக்கில் ஒவ்வொரு ஜனவரி 29 மாலையும் நடக்கிற பாசறை திரும்பும் நிகழ்ச்சி, சூரியன் சாயும்போது மேளம் அடித்து வீரர்களைத் திரும்ப அழைத்த அந்தப் பழக்கத்தின் மிச்சம். பெரியவர் வீட்டுச் சுவரில் ராணுவ உடையில் ஒருவர் படம் இருந்தது. தம்பி மகன். குன்னூர் பக்கம் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி எடுத்தவர். “அங்கயும் இதே கதைதானாம். எந்திரிக்க ஒரு பியூகிள், சோத்துக்கு ஒரு பியூகிள், படுக்க ஒரு பியூகிள். ‘பெரியப்பா, நம்ம வீட்டுப் பழக்கந்தான் எனக்கு அங்க கைகுடுத்துச்சு. மொத வாரத்துலயே எல்லா அடியும் புடிபட்டிருச்சு’ன்னான்” என்று சொல்லிச் சிரித்தார். சண்டை மூண்டால் நம் ராணுவத்தில் பாண்டு வாசிக்கிறவர்கள் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்குகிற வேலைக்குப் போவார்கள் என்பதை அவரிடம் சொன்னேன். “நல்லது. கூப்பிட்டவன்தானே தூக்கணும்” என்றார்.

சங்க காலத்து அரசர்கள் முரசைப் போற்றியதற்கு அளவே இல்லை. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி அதில் முரசு செய்தான் என்கிறது பதிற்றுப்பத்து. பகைவனை முரசோடு சேர்த்துக் கைப்பற்றுவேன் என்று தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறினான். முரசு போனால் அரசு போனது. முரசுக்கு நீராட்டு உண்டு, குருதிப் பலி உண்டு, பூப்பரப்பிய கட்டில் உண்டு. அந்தக் கட்டிலில் அசதியில் தூங்கிப்போன மோசிகீரனாரை வாளால் வெட்டாமல் கவரி வீசிய பெருஞ்சேரல் இரும்பொறையின் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். அரசனின் பெருந்தன்மைக்கும் புலவரின் பெருமைக்கும் நமக்குச் சான்று கிடைத்தது. முரசை நீராட்ட எடுத்துப்போன கைகளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்கள் அப்போது முரசோடு நீர்த்துறையில் நின்றிருப்பார்கள்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கையும் குடிகள் என்று பெருமையாகச் சொல்கிறது. அந்த நான்கில் ஒன்றின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் உலகமெங்கும் புழங்குகிறது. போரை அறிவித்த கருவி சாவை அறிவிக்கும் கருவியாகச் சுருக்கப்பட்டதும், அதை அடித்தவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியதும் நம் ஊர்களில் நாம் செய்த வேலை. நான் பிறந்த ஊரில், என் தாத்தா இறந்தபோது, இரவெல்லாம் அடித்துக் கை வீங்கியவர்களுக்குத் தனிக் குவளையில் காபி போனதைப் பத்து வயதில் பார்த்தேன். எங்கள் துக்கத்தை ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் அவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேச எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குவளை இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

படை நடந்த வரிசையின் சாயல் நம் கோயில் வீதிகளில் இன்னும் இருக்கிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் டங்கா மாடு வரும். மாட்டின் இரு பக்கமும் முரசு. மேலே உட்கார்ந்து ஒருவர் அடித்துக்கொண்டு வருவார். பின்னால் யானை, ஒட்டகம். அரசன் படையெடுத்துப் போன ஒழுங்கைத் தெய்வத்துக்குக் கொடுத்திருக்கிறோம். பெரியவரின் அப்பா டங்கா முரசுக்குத் தோல் மாற்றிக்கொடுத்தவராம். “திருவிழா அன்னிக்குக் கூட்டத்துக்குள்ள நின்னு, நம்ம தோலு எப்படிப் பேசுதுன்னு கேட்டுட்டு வந்துருவாரு.”

காலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மதுரை வட்டாரத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லூரி மாணவர்கள் வகுப்பெடுத்துக் கற்கிறார்கள். ஆனால் அடிக்கிறவருக்கு வந்த வெளிச்சம் கட்டுகிறவரின் வேப்பமரத்தடிக்கு இன்னும் வந்து சேரவில்லை. இரும்பு வளையமும் ஃபைபர் முகமும் திருகாணியும் கொண்ட பறைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு நெருப்பு வேண்டாம், மழைக்கும் கவலையில்லை. பெரியவர் அவற்றைப் பழிக்கவில்லை. “பாவம், பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போற பிள்ளைக வைக்கோலுக்கு எங்க போகும்? ஆனா அது எப்பவும் ஒரே மாதிரி இருக்கும் தம்பி. இது அப்படி இல்ல. பனியில தூங்கும், வெயில்ல எந்திரிக்கும். நாமதான் எழுப்பணும்.”

கிளம்புமுன் என் கேள்வியை அவரே திரும்ப எடுத்தார். “போருக்கு அடி இல்லைன்னு சொன்னேன்ல. யோசிச்சுப் பாத்தேன். மருள் அடி அடிக்கும்போது, சும்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளு இருக்கான் பாருங்க, அவனுக்குத் தெரியாமயே காலு தரையை விட்டு எந்திரிக்கும். அவன் போகணும்னு நெனைக்கல. காலு போகுது. அந்தத் தாயிக்கும் அப்படித்தான் ஆயிருக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அடிச்சவனுக்கும் வீட்டுல ஒரு பய இருந்திருப்பான்.”

மயக்கம் என்ற அந்தச் சொல்லுக்கு இத்தனை வருடங்களில் நான் படித்த எந்த உரையும் இவ்வளவு அருகில் வந்ததில்லை.

ஒரு பறை வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தபோது, சட்டத்தின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது. தோல் போர்த்திய நாள். எத்தனை நாளில் இறுகுகிறது என்ற கணக்குக்காக எழுதுவாராம். பெயரையும் எழுதலாமே என்றேன்.

“அடிக்கிறவன் பேரு போதும் தம்பி. கட்டுனவன் பேரு கேக்கவா போகுது?”

பேத்தி பறையை என் கையிலிருந்து வாங்கினாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தேதிக்குக் கீழே தாத்தாவின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, வார் பிடித்த தன் அம்மாவின் பெயரையும் எழுதினாள். மை காய்கிறவரை ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.