தக்கோலம்: ஆட்டக்களமும் கதைக்களமும்

தை 3, வேலூர்

வியூக விளையாட்டில் ஆடிய படையெடுப்பைச் சரித்திரக் கதையாக எழுதும் பழக்கம் கணினிக்கு முந்தியது. 1826இல் இங்கிலாந்தின் பிரான்டே வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். அந்தப் பொம்மைகளுக்குப் பெயர் வைத்து, நாடு கொடுத்து, போர் வரலாறும் எழுதித்தான் சார்லட்டும் எமிலியும் கை பழகினார்கள். ஜப்பானில் ரியோ மிசுனோவின் 'லோடோஸ் தீவுப் போர்' 1986இல் ஒரு மேசை விளையாட்டின் ஆட்டப் பதிவாகப் பத்திரிகையில் தொடங்கி, 1988இல் நாவலானது.

தமிழில் முயல்கிறவருக்கு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினி விளையாட்டு வசதியானது. 2022இல் வந்த அதன் இந்திய விரிவாக்கத்தில் 'திராவிடர்' என்ற தரப்பும் ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் உண்டு. ராஜேந்திரன் ஜெயித்தவன், ஜெயித்தவனை எழுத ஆள் நிறைய இருக்கிறது. பாலாற்றுப் பக்கத்து எழுத்தாளருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது சோழர் தோற்ற களம். விளையாட்டோடு தரப்படும் களம் அமைக்கும் கருவியில் அதை யாரும் உருவாக்கி ஆடிப் பார்க்கலாம். எழுத்து வேலை ஆட்டம் முடிந்த பிறகுதான் தொடங்கும்.

தை 5, தக்கோலம்

அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை. திருவூறல் என்ற பாடல் பெற்ற தலம் இதுதான். 949ஆம் ஆண்டு வாக்கில் இங்கே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும், முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தனும் மோதினார்கள். கிருஷ்ணன் பக்கம் அவன் மைத்துனன், கங்க மன்னன் பூதுகன். ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. இவ்வூரிலுள்ள மத்திய தொழில் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கு 2025இல் ராஜாதித்தன் பெயர் வைத்தார்கள்.

ஆட்டத்தில் களம் மேலிருந்து தெரிகிறது. தன் படை எட்டிய இடம் வெளிச்சம், எட்டாத இடம் இருட்டு. ஆடுகிறவர் வலது அணியையும் இடது அணியையும் ஒரே நேரத்தில் பார்த்து ஆணையிடுகிறார். இந்தப் பார்வையை நாவலுக்குள் அப்படியே கொண்டுவருவதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் முதல் வேலை. 'இடது அணி முன்னேறியது, வலது அணி பின்வாங்கியது' என்று பக்கம் பக்கமாகப் போகும். தக்கோலத்தைச் சுற்றி நிலம் அநேகமாகச் சமதளம். ஏறி நின்று பார்க்க வசதியான மேடு கிடையாது. அங்கே நின்ற வில்லாளிக்குத் தெரிந்தது முன்னால் நிற்கிறவன் முதுகும் புழுதியும்தான். களம் முழுவதையும் ஓரளவு பார்க்க முடிந்தவர்கள் யானைமேல் இருந்தவர்கள். எதிரி அம்புக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் அவர்களே. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், ராஜாதித்தனின் சாவுக்கு வேறு நாடகம் வேண்டியதில்லை.

தை 6

தக்கோலத்துக்கு இரண்டு ஆட்டப் பதிவுகள் இருக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை. ஒன்று ஜெயித்த பக்கத்தது: கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு, போரையொட்டி 949–50இல் பொறித்தது, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது தோற்றவனின் வம்சத்தது: பெரிய லெய்டன் செப்பேடு, அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதியது. செப்பேட்டின்படி ராஜாதித்தனை வீழ்த்தியது கிருஷ்ணனின் அம்பு. கல்வெட்டின்படி கொன்றவன் பூதுகன், அதுவும் அம்பாரியையே களமாக்கிக் குத்திக் கொன்றான். கல்வெட்டை முதலில் படித்த ஃப்ளீட், தழுவுவதுபோல் வந்து வஞ்சகமாகக் குத்தினான் என்று பொருள் கொண்டார். அம்பாரி என்ற வாசிப்பு பிறகு வந்தது.

வரலாற்றாசிரியர் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நாவலாசிரியர் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. சோழர் பாசறையில் அம்பு என்று பேசிக்கொள்ளட்டும், கங்கர் பாசறையில் கத்தி என்று பேசிக்கொள்ளட்டும். தூரத்திலிருந்து வந்த அம்பால் இறப்பது தோற்றவனுக்குக் கௌரவம். ஏறிப்போய்க் குத்தியது ஜெயித்தவனுக்குக் கௌரவம். பூதுகனுக்கு அந்தக் கௌரவம் நிலமாகவே கிடைத்தது: வனவாசி பன்னிரண்டாயிரம், பெள்வொலம் முந்நூறு என்று நாடுகளை அவனுக்குக் கிருஷ்ணன் கொடுத்ததை அதே கல்வெட்டு சொல்கிறது.

அந்தக் கல் போருக்காக மட்டும் நட்டதல்ல. பூதுகனின் வீரன் மணலேரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டது, இரண்டும் செத்தன. நாயின் நினைவாக நட்ட கல்லில்தான் சோழ இளவரசனின் சாவும் பதிவாகியிருக்கிறது. எந்த விளையாட்டும் இதை யோசித்திருக்காது.

தை 9

ஆட்டத்தில் படை சும்மா நிற்பதில்லை. நின்றால் ஆடுகிறவர் தோற்பார். ராஜாதித்தன் பல ஆண்டுகள் திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய திருநாவலூர், கிராமம் என்ற ஊர்ப் பக்கங்களில் படையோடு தங்கியிருந்தான். வடக்கிலிருந்து வரப்போகும் படையெடுப்பை எதிர்பார்த்த எல்லைக் காவல் அது. அவன் தாய் கோக்கிழானடிகள் சேர நாட்டவள். படையில் மலையாள வீரர்கள் ஏராளம். அவர்களில் ஒருவனான தளபதி வெள்ளன் குமரன், 943இல் கிராமத்துச் சிவன் கோயிலைக் கல்லால் கட்டினான். போர் வர இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. தளபதி கோயில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆட்டத்தில் வேகமாக ஓட்டிவிடத் தோன்றும் இந்தக் காத்திருப்பு கதைக்குக் கைகொடுப்பதுபோல் சண்டைகூடக் கைகொடுக்காது. ஊர்க்காரர்களுக்கும் படைக்கும் இடையே கடன், காதல், களவு, கோயில் நிவந்தம் எல்லாம் இங்கேதான் நடக்கும். வீராணம் ஏரியை ராஜாதித்தன் படை வெட்டியது என்று 'பொன்னியின் செல்வ'னில் கல்கி எழுதியதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். வேலையில்லாத படை என்ன செய்யும் என்று ஒரு நாவலாசிரியர் கேட்டுப் பார்த்ததில் கிடைத்த பதில் அது.

தை 12, ஆம்பூர்

விளையாட்டின் செல்வம் நான்கு வகை: உணவு, மரம், தங்கம், கல். தோல் கிடையாது. ஆனால் கொல்லன் பட்டறையில் வில்லாளிகளுக்குத் தோல் கவசம் என்று ஒரு மேம்பாடு இருக்கிறது. கொஞ்சம் உணவும் கொஞ்சம் தங்கமும் கொடுத்தால், ஒரு நிமிடம் ஆவதற்குள் களத்தில் நிற்கும் வில்லாளி அத்தனை பேருக்கும் கவசம் ஏறிவிடுகிறது. மாடும் சாகவில்லை, தண்ணீரும் கெடவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் யாரும் இதை நம்ப மாட்டார்கள். உப்பிட்டு வந்த தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் இறக்கி மயிர் நீக்கி, உள்பக்கச் சவ்வைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பதமாக்கும் பழைய முறை பல வாரம் பிடிக்கும். குரோமியம் வந்த பிறகு அது சில நாளாகச் சுருங்கியது. அதற்குப் பாலாறும் கிணறுகளும் கொடுத்த விலை ஊரறிந்தது. பத்தாம் நூற்றாண்டுப் படைக்குக் கேடயம், முரசின் போர்வை, யானைக் கச்சு, குதிரைச் சேணம், செருப்பு எல்லாம் இந்தப் பழைய கணக்கில்தான் வந்தாக வேண்டும். ஆகவே கவசம் என்று ஒரு வரி எழுதுகிறவர் அதற்குப் பின்னால் மந்தையையும், ஆவாரங்காட்டையும், தண்ணீரையும், துர்நாற்றம் காரணமாக ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மனிதர்களையும் எழுதக் கடன்பட்டவர். அந்த மனிதர்களை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்; அரசர் வேண்டாம்.

உணவுக் கணக்கும் அப்படியே. ஆட்டத்தில் யானையை உருவாக்கும்போது ஒருமுறை உணவு கொடுத்தால் சரி. பிறகு அது சாகும்வரை சாப்பிடாது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தீனி தின்னும். நூறு யானை ஒரு மாதம் தங்கிய கிராமத்தில் அடுத்த ஆண்டு விளைச்சல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

(போர்த் தளவாடத்தில் தோல் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு வேலூர்க் கோட்டையே பதில் சொல்லும். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் ஒரு காரணம்.)

தை 13, ஆம்பூர்

இதே ஊரில் கிடைத்த நடுகற்கள் பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பன் படை ஆநிரை கவர வந்தபோது எதிர்த்து நின்று விழுந்த வீரர்களுக்காக நட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் அன்றாடப் போர் இதுதான்: மாடு பிடிக்க வருவதும், மீட்கப் போவதும். தெற்கே செங்கம் பகுதியில் இப்படி எத்தனையோ கற்கள். எடத்தனூரில், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள்.

படையெடுப்பு ஆட்டத்துக்குப் பேரரசன் தேவை. நாவலுக்கு இந்தக் கல்லில் பெயர் உள்ள ஒருவன் தேவை.

தை 19

ஆட்டத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் உயிர்ப் புள்ளிகள் உண்டு. யானைக்கு அது அதிகம். ஓர் அம்பு அதில் துளி குறைக்கும், அவ்வளவே. ஒரே அம்பில் போர் முடிவது அந்தக் கணக்குக்குப் பொருந்தாது. அதனால் களம் அமைக்கிறவர்கள் ஒரு நிபந்தனை எழுதிவைப்பார்கள்: நாயகன் செத்தால் ஆட்டம் தோல்வி. திரை நின்றுவிடும், மீதிப் படை என்ன ஆயிற்று என்ற கேள்விக்கே இடமில்லை.

விதியாகப் பார்த்தால் தக்கோலத்துக்கு இது பொருந்துகிறது. கதைக்கு இது பெரிய ஓட்டை. இளவரசன் சாய்ந்ததை முதலில் பார்த்தவன் பாகன். அவன் யானையைத் திருப்பினானா, நிறுத்தினானா? பக்கத்து யானைக்கும், அதிலிருந்து குதிரைக்கும், அதிலிருந்து காலாளுக்கும் செய்தி எந்த வார்த்தையில் போயிற்று? தமிழும் மலையாள நாட்டுப் பேச்சும் கலந்த படையில் அது ஒரே மாதிரியா போய்ச் சேர்ந்திருக்கும்? வதந்தி முந்தியிருந்தால், உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டான் என்று ஓடியவர்களும் இருந்திருக்க வேண்டும். விளையாட்டு ஒரு நொடியில் முடிக்கும் இந்தக் கால்மணி நேரத்துக்கு நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்கச் செலவழிக்கலாம்.

தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம் என்ற வசதி எழுத்தைக் கெடுக்கிறது. பத்து முறை ஆடி ஜெயித்த வழியை எழுதினால், பாத்திரங்கள் எல்லோரும் நாளை நடப்பதை அறிந்தவர்கள்போல் நடமாடுவார்கள். தோற்ற ஆட்டத்தை எழுதுவதே மேல். விளையாட்டு கொடுக்கும் ஆயுதங்களையும் சோதித்தே எடுக்க வேண்டும். திராவிடர் தரப்பின் தனி வீரன் சுருள்வாள்காரன்; திரையில் அழகாக இருக்கிறான் என்பது அவன் தக்கோலத்தில் நின்றதற்குச் சான்றாகாது.

தை 24, திருவல்லம்

தக்கோலம் முதல் சுற்று அல்ல. நாற்பது ஆண்டுக்கு முன் பராந்தகனும் இரண்டாம் கிருஷ்ணனும் மோதிய வல்லாளப் போர், இந்தத் திருவல்லத்தில் நடந்ததாக ஆய்வாளர் கொள்கிறார்கள். சோழர் ஜெயித்தார்கள். அன்று சோழர் பக்கம் நின்ற கங்கன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வாணாதிராயன் என்ற பட்டம் கிடைத்ததைச் சோளிங்கர்க் கல்வெட்டு சொல்கிறது. பட்டம் வந்த வழி பரிதாபமானது: இந்த ஊரை ஆண்ட வாணர்களை ஒழித்த பிறகு அவர்கள் பெயரை இன்னொருவனுக்குச் சூட்டினார்கள். கல்கி தன் வந்தியத்தேவனை வாணர் குலத்தவனாக்கி, நாடில்லாத இளைஞனாகக் குதிரையில் ஏற்றிவிட்டது இந்தப் பின்னணியில்தான்.

கல்கியிடம் கற்க ஒரு தொழில் நுட்பம் உண்டு. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தப் பெரிய நாவலில் தக்கோலம் காட்சியாக வருவதே இல்லை. கதை தொடங்கும்போது அது பழைய போர். அது பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு தழும்புகளைப் போல, கிழவர்களின் உடம்பிலும் பேச்சிலும் இருக்கிறது. திருப்புறம்பியப் போரும் அப்படியே, நினைவாகத்தான் வருகிறது. ஆட்டம் ஆடிவிட்டு எழுதுகிறவர்களுக்கு இது கசக்கும். இரவெல்லாம் ஆடிய போரை எழுதாமல் விடுவதா? முழுப் போரையும் ஆடி முடித்து, அதில் தழும்பாக மாறக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு வழி.

மாசி 2, மேல்பாடி

பொன்னையாற்றங்கரை ஊர். தக்கோலத்துக்குப் பத்தாண்டு கழித்து, 959இல், மூன்றாம் கிருஷ்ணன் இங்கே பாசறை போட்டிருந்தான். வென்ற நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க இங்கே தங்கியிருந்ததாக, அந்த ஆண்டு அவன் விட்ட கர்ஹாட் செப்பேடு சொல்கிறது. வெற்றிக்குப் பிந்திய இந்த நிர்வாக வேலை எந்த ஆட்டத்திலும் வராது.

தோற்றவர் கதையும் அதே காலத்தில் நடக்கிறது. திருவொற்றியூரில் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு பொறித்த ஒரு கல்வெட்டு, சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றியது. சேர நாட்டில் பிறந்து ராஜாதித்தனுக்கு நெருக்கமாக இருந்தவர்; தலைவனோடு களத்தில் சாகக் கொடுத்துவைக்கவில்லை என்று துறவு பூண்டவர். கிராமத்தில் கோயில் கட்டிய வெள்ளன் குமரனே இவர் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தக் கருத்தை ஏற்றால் நாவலுக்கு நாயகன் கிடைத்துவிட்டான்: கோயில் கட்டியவன், போரில் இல்லாதுபோனவன், பகைவன் ஆட்சியில் மடத்துக்குத் தலைவனாக இருக்கிறவன்.

பிறகு முதலாம் ராஜராஜன் இதே மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். அரிஞ்சயன் ராஜாதித்தனின் தம்பி. கிருஷ்ணன் நாடு பிரித்துக் கொடுத்த ஊரில் அந்தக் கோயில் இப்போதும் இருக்கிறது. தக்கோலத்தில் தொடங்கும் கதையை அண்ணன் சாவோடு முடிக்காமல் இதுவரை இழுத்துவர ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேவைப்படும். அவ்வளவு காலத்தைத் தாங்க ஒரு பாத்திரம் போதாது. மூன்று தலைமுறை வேண்டும், மூன்று மொழி பேசும் பாசறைகள் வேண்டும், காளி என்ற நாய்க்கும் ஓரிடம் வேண்டும்.