கறள் பிடித்த கரியடுப்பு

இரும்புக்கு ஓய்வு ஆகாது போலும். நாள்தோறும் நெருப்பும் எண்ணெயும் காணும் அடுப்பு எளிதிற் கறள் பிடிப்பதில்லை; கைவிடப்பட்டதையே கறள் தேடி வருகின்றது.

பருத்தித்துறைக் கரையோரத்து வீடொன்றின் கோடிப்புறத்தில் அத்தகைய கரியடுப்பொன்று கிடந்தது. 200 லீற்றர் எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, கால்கள் ஒட்டி, மேலே கம்பித்தட்டு வைத்து, மீன் சுடுவதற்கென்றே அவ்வீட்டுப் பெரியவர் செய்தது. அவர் மறைந்தபின் அதனைத் தொட்டவர் இல்லை. 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்கு நாடெங்கும் வரிசைகள் நீண்டபோதுதான் வீட்டாரின் கண் மீண்டும் அதன்மேற் சென்றது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவோம் என்றான் மகன். “ஐயா செய்தது, கிடக்கட்டும்” என்றார் தாய். கிடக்கட்டும் என்பது திருத்துவதுமன்று, மாற்றுவதுமன்று. எனினும் வீடுகளிற் பெரும்பாலும் வெல்வது அதுவே.

இரும்பையே கேட்பதுதான் முறை. அலுமினியத்தின் ஒட்சைட்டு மேற்படையாக ஒட்டிநின்று உலோகத்தைக் காக்கும். இரும்பின் கறளோ பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை ஈரத்துக்கும் ஒட்சிசனுக்கும் காட்டிக்கொடுக்கும். உப்புக்காற்று அதனை மேலும் விரைவுபடுத்தும். ஆயினும் செந்நிறத்தைக் கண்ட மாத்திரத்தே அஞ்சவேண்டியதில்லை. வினாகிரி பூசிக் கம்பித் தூரிகையால் தேய்க்கப் போய்விடுவது தோலோடு நின்ற கறள். திருப்புளியின் முனை பட்டதும் தகடு நொறுங்குமாயின், அங்கே இரும்பு மிஞ்சவில்லை என்பது பொருள்.

மகன் குத்திப் பார்த்தான். பக்கங்கள் உறுதியாயிருந்தன, அடிவளைவு நான்கு இடங்களில் ஓட்டையாயிற்று. அங்கே பழைய சாம்பல் அள்ளப்படாமல், மாரிதோறும் ஈரத்தை உறிஞ்சி இறுகிக் கிடந்தது. பெரியவர் இறுதியாக மூட்டிய நெருப்பின் சாம்பல் அது. தாய் ஒன்றும் பேசாது அதனைச் சிரட்டையால் வாரி முருங்கையடியிற் கொட்டினார். அதன்பின் கிடக்கட்டும் என்ற சொல் எழவில்லை.

அடிக்கு வேறு தகடு வேண்டியிருந்தது. வேலியிற் கழற்றிய துத்தநாகம் பூசிய தகரம் கையருகே இருந்தது. கடுஞ்சூட்டில் அதன் புகை காய்ச்சல் விளைவிக்கும் என்று ஒட்டுவேலைக்காரர் தடுத்து, தடித்த வெற்றிரும்புத் தகட்டைப் பொருத்தினார். கம்பித்தட்டும் மாற்றப்பட்டது. கூலியும் தகடுமாகச் சேர்ந்த செலவு, கடையில் மெல்லிய தகட்டாலான புதியதொன்றின் விலையிலிருந்து அதிகம் குறையவில்லை. மகன் அதைச் சொல்லிக்கொண்டேதான் தேங்காயெண்ணெய் பூசிச் சிரட்டைக்கரியை மூட்டினான்.

நெருப்பு ஆறியதும் சாம்பலை அன்றே அள்ளிவிடும்படி தாய் சொன்னார்.