மூணாவது பாகத்தைப் படிக்கறதா, வேண்டாமா?

அமீஷ் திரிபாதி எழுதின சிவன் கதை மூணு பாகம். தமிழ்லயும் வந்திருக்கு. ரெண்டு பாகம் முடிச்சுட்டு, மூணாவதான 'வாயுபுத்ரர் வாக்கு' புத்தகத்தை ஆரம்பத்திலேயே மூடி வெச்சிருக்கேன். பத்து நாளாச்சு.

படிக்காதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிடறேன். இதுல சிவன் சாமி இல்லீங்க, மனுஷன். கைலாயப் பக்கத்து மலைக்கூட்டம் ஒண்ணுக்குத் தலைவன். மெலூஹாங்கற நாட்டுக்கு வந்து, அங்க சோமரசம் குடிச்சதும் கழுத்து நீலமாயிடுது. ஜனங்க நீலகண்டர்னு கும்பிட ஆரம்பிச்சுடறாங்க. அவர் நம்ம ஊர் இளவட்டமாட்டம் கேலி பேசறதும் புகைக்கறதும் முதல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு. நூறு பக்கம் தாண்டினதும் பழகிப்போச்சு. நடுநடுவுல விஞ்ஞானப் பாடம் எடுக்கறதை மட்டும் குறைச்சிருக்கலாம்.

ஆனா என்னை இழுத்துப் பிடிச்சது சதிதான். போன ஜென்மத்துப் பாவம்னு சொல்லி, யாரும் தொடக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்ச பொண்ணு. அழுதுகிட்டு உக்காரலை, வாளை எடுக்கறா. தன்னை இழிவாப் பேசினவனோட களத்துல இறங்கிச் சண்டை போடறா. ரெண்டாம் பாகத்துல, செத்துப் பொறந்துச்சுன்னு அப்பன் பொய் சொல்லி மறைச்ச மகன் உசுரோட வந்து நிக்கறான். அவன்தான் கணேசன். அந்த இடத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத்தான் மேல படிச்சேன்.

சிக்கலே அந்த அப்பன்தான். அவன் பேரு தட்சன். தட்சன் யாகத்துல அவன் மக என்ன ஆனாள்னு நமக்கெல்லாம் தெரியும். அந்த யாகத்தை அழிச்ச இடம்னு மயிலாடுதுறைப் பக்கம் கீழப்பரசலூர்ல கோயிலே இருக்கு. எழுதினவர் பேரை மாத்தியிருந்தா நிம்மதியாப் படிச்சிருப்பேன். மூணாவது பாகத்தைத் தொட்டா அந்தப் புள்ளையை நானே கூட்டிட்டுப் போயி யாகசாலையில விடற மாதிரி இருக்கு. ரெண்டோட நிறுத்திட்டா அவ உசுரோட இருப்பா இல்லீங்களா?

இந்த யோசனையோடதான் மூணாவதைப் புரட்டினேன். செத்துட்டான்னு நெனச்ச பிருகஸ்பதி உசுரோட வந்து சிவன்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்றார். மெலூஹாக்காரங்களை நூறு வயசுக்கு மேலயும் இளமையா வெச்சிருக்கற சோமரசம்தான் தீமைங்கறார். அதைக் காய்ச்ச சரஸ்வதி ஆத்துத் தண்ணி ஏராளமா வேணும். மிஞ்சற கழிவைத் திபெத்துல ஆத்துல விடறாங்க, அது பிரம்மபுத்திராவா இறங்கிப் பிரங்கா நாட்டு ஜனங்களை நோயில தள்ளுது. மேல குடிக்கறவனுக்கு அமிர்தம், கீழ இருக்கறவனுக்கு விஷம்.

நொய்யல் பக்கத்து ஆளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணையை 1992ல பாசனத்துக்குன்னுதான் கட்டினாங்க. சாயத்தண்ணி வந்து தேங்கி, தண்ணியைத் திறந்து விட்றாதீங்கன்னு கீழ இருக்கற விவசாயிகளே கேக்கற நிலைமை ஆச்சு. 2011ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், எங்க ஊர்ல பாதி வீட்டு அடுப்பு பனியன் கம்பெனிச் சம்பளத்துலதான் எரியுது. எந்தப் பக்கம் நிக்கறது? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெளிவா ஒரு பதில் இல்லை.

அந்த நீலகண்டன் இதுல என்ன பண்றான்னு பாக்கணும். சோமரசத்தை அடியோட ஒழிப்பானா, கொஞ்சமாவது விட்டு வெப்பானா? குடிச்சுப் பழகினவங்க சும்மா விடுவாங்களா? சதிக்காக மூடின புத்தகத்தை இதுக்காகத் திறக்கப் போறேன்.

என் மக மூணையும் முடிச்சவ. "அந்த அத்தியாயம் வர்ற இடத்துல பக்கத்தை மடிச்சு வெக்கறேன், தாண்டிப் போயிடுங்கப்பா"ன்னா. வேண்டாஞ்சாமின்னுட்டேன். மடிச்ச பக்கம் கண்ணுல பட்டுட்டே இருந்தா முன்னாடி இருக்கறதையும் நிம்மதியாப் படிக்க முடியாது. இன்னிக்கு ராத்திரி கரண்டு இருந்தா ஆரம்பிச்சுடுவேன்.